நயாகராவை இரவில் மூடிவிடுவார்களா? பிள்ளைகளுக்கு ஓர் அருவியை விளக்குவது எப்படி

அடுக்ககத்து அக்கா · சனி, காலை 7.40

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். எட்டு முதல் பதினோரு வயது வரை பதினான்கு பேர். மாதம் ஒருமுறை மாடிப்படிச் சுவரில் கையால் எழுதிய ஒரு பக்கம் ஒட்டுவோம். இந்த மாதம் அவர்களே கேட்ட தலைப்பு நயாகரா.

நான் எழுதிக்கொண்டு போன தொடக்கம் "உலகப் புகழ்பெற்ற நீர்வீழ்ச்சிகளுள் ஒன்றான நயாகரா, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே அமைந்துள்ளது" என்று இருந்தது. இரண்டாவது வரிக்கு வருவதற்குள் ஒருவன் கொட்டாவி விட்டான். அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணீர் லாரி வந்து சம்ப்பில் குழாயைச் செருகியது. உடனே ஒன்பது வயதுக்காரி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ராத்திரி நயாகராவைப் பார்க்க யாரும் வரமாட்டார்களே, அப்போது மூடிவிடுவார்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அது இயற்கை, அதற்கெல்லாம் குழாய் கிடையாது" என்றேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், அவள் கேட்டதில் பாதி சரி! இப்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி எழுதுவது?


பழைய பாறை · சனி, காலை 9.15

நான் ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியன், தாம்பரம். அம்மா, அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு பென்சில் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

அமெரிக்காவும் கனடாவும் 1950-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுற்றுலாப் பருவம். அந்த மாதங்களில் பகலில் வினாடிக்குக் குறைந்தது 1 லட்சம் கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலம் முழுவதிலும் 50,000 கன அடி விழுந்தால் போதும். ஆற்றில் இயல்பாக வருவது சராசரியாக 2 லட்சம் கன அடி. அப்படியானால் கோடைக்காலப் பகலில் பாதி ஆறு அருவியில் விழுகிறது. இரவில் கால் பங்கு வரை குறைக்கலாம். மிச்சம், அருவிக்கு மேலேயே சுரங்கப் பாதைகளில் திருப்பப்பட்டு மின் நிலையங்களுக்குப் போகிறது. அருவிக்குச் சற்று மேலே ஆற்றின் ஒரு பகுதிக்குக் குறுக்காக 18 மதகுகள் கொண்ட அமைப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளை சொன்ன குழாய் அதுதான். முழுதாக மூடுவதில்லை, திருகிக் குறைக்கிறார்கள்.

இன்னொன்று. இரவில் திருப்பிய நீரில் ஒரு பகுதியை மேட்டிலுள்ள நீர்த்தேக்கத்துக்குப் பம்பு வைத்து ஏற்றி, பகலில் மின்சாரத் தேவை கூடும்போது இறக்கி விசையாழியைச் சுற்றுகிறார்கள். சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவதைப் பார்த்து வளர்ந்த சென்னைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.


தென்காசிச் சாரல் · சனி, காலை 10.02

பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க இத்தனை பாடா? ராத்திரி பொதிகையில் ஏறினால் விடியும்போது குற்றாலம். ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் கூட்டிக்கொண்டு போய் அருவியில் தலையைக் கொடுக்கச் சொல்லுங்கள், எல்லாம் விளங்கிவிடும்.

கூடவே ஒரு வருத்தம். நீர்வீழ்ச்சி, நீர்வீழ்ச்சி என்று எழுதுகிறீர்களே, அருவி என்ற சொல் என்ன பாவம் செய்தது? சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலம் வந்தால் அருவியும் வந்துவிடும். 'நீர்வீழ்ச்சி' என்றால் ஏதோ தண்ணீர் கால் தடுக்கி விழுந்தது போல இருக்கிறது. எங்கள் ஊரில் ஐந்தருவி, தேனருவி, புலியருவி என்றுதான் பெயர். ஐந்து நீர்வீழ்ச்சி என்று யாராவது சொன்னால் ஆட்டோக்காரர் அவரை வெளியூர் என்று கண்டுகொண்டு கட்டணத்தைக் கூட்டிவிடுவார்.


அடுக்ககத்து அக்கா · சனி, காலை 10.30

அண்ணாச்சி, அருவி என்றே எழுதுகிறேன். ஆனால் பதினான்கு பிள்ளைகளைப் பொதிகையில் ஏற்றுவதற்குப் பெற்றோரிடம் நீங்கள்தான் அனுமதி வாங்கித் தர வேண்டும்.

பழைய பாறை ஐயா, கன அடி என்றால் எனக்கே தலை சுற்றுகிறது. செய்தித்தாளில் மேட்டூர் நீர்வரத்து என்று வரும்போது கண்ணை அடுத்த செய்திக்கு நகர்த்திவிடுவேன்.


லாரிக் கணக்கு · சனி, மதியம் 1.20

கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். இதை என்னிடம் விடுங்கள்.

ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஒரு குடம் தண்ணீரும், மேலே இரண்டு மூன்று சொம்பும் என்று வையுங்கள். ஒரு லட்சம் கன அடி என்றால் 28.3 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் பெரிய லாரி 12,000 லிட்டர். ஆக, பகல் நயாகரா என்பது ஒரு நொடிக்கு 236 லாரி. "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் 236 லாரிகள் கவிழ்ந்துவிட்டன. இரவில் 118.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. காலி ஏரியை நயாகராவுக்குக் கீழே வைத்தால் பத்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் டியூஷன் முடித்து அழைத்து வருவதற்குள் ஏரி ததும்பும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் திறந்துவிட்டது வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி. நாங்கள் அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருந்தோம். பரணில் ஏறி உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த தண்ணீர் அது. அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல், கோடையில் தினமும் பகல் முழுக்க, அங்கே மக்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.


மதுராந்தகத்து மறுகால் · சனி, மாலை 4.45

இவ்வளவு தண்ணீர் ஏன் தீர்ந்துபோவதில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லையா? கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஏரிகள் சங்கிலி போல இருக்கும். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக மறுகால் போய் அடுத்த ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. நயாகராவும் ஒரு மறுகால்தான். சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி என்று நான்கு பேரேரிகள். அவற்றின் உபரி நீரெல்லாம் ஈரியில் சேர்ந்து, அங்கிருந்து 58 கிலோமீட்டர் நீளமுள்ள நயாகரா ஆறாகி, ஐந்தாவதான ஒன்டாரியோவுக்குப் போகிறது. ஈரி ஏரியின் மட்டம் கடலுக்கு மேல் 174 மீட்டர். ஒன்டாரியோ 75 மீட்டர். இடையே 99 மீட்டர் இறக்கம். அதில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் இறங்குகிறது. அந்த இடம்தான் அருவி.

குற்றாலம் மழையின் பிள்ளை. மலையில் மழை பெய்தால் அருவி, நின்றால் பாறை. நயாகராவுக்குப் பின்னால் இருப்பதோ நான்கு தொட்டிகள். உலகில் தரைக்கு மேலுள்ள நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்து ஏரிகளில் இருக்கிறது. அதனால்தான் கோடையிலும் அது மெலிவதில்லை. (ஈரி ஏரி என்று நான்கு முறை வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.)


தென்காசிச் சாரல் · சனி, மாலை 5.10

மழையின் பிள்ளை என்றீர்களே, அதை வாபஸ் வாங்க வேண்டாம், எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் அருவியை மூடுவதும் திறப்பதும் தென்மேற்குப் பருவமழைதான். சித்திரையில் போனால் பேரருவிப் பாறையில் கோடு கோடாக ஈரம் மட்டும் இருக்கும். ஆடியில் போனால் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். நடுவில் கொஞ்ச நாள் மட்டும் மனிதர்களுக்கு.


மயிலைப் பாட்டி · சனி, இரவு 8.00

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் பார்த்துவிட்டு வந்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வானத்திலிருந்து கொட்டும் என்று நினைத்திருந்தேன். உயரம் என்று பார்த்தால் நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைவிட நான்கைந்து அடுக்குகூட அதிகமில்லை என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "நான்கைந்து அல்ல அத்தை, ஒரே ஓர் அடுக்குதான் அதிகம்" என்றார். எல்.ஐ.சி. 54 மீட்டராம், குதிரை லாடம் போல வளைந்த பெரிய அருவி 57 மீட்டராம். கர்நாடகத்து ஜோக் அருவியே 253 மீட்டர். வெனிசுவேலாவில் ஏஞ்சல் அருவி 979 மீட்டர். ஆகவே உலகிலேயே உயரமானது என்று சுவரில் எழுதிவிடாதீர்கள் அம்மா, பல புத்தகங்களில் அந்தப் பிழை இருக்கிறது.

அகலம்தான் அங்கே விஷயம். எல்.ஐ.சி. கட்டடங்களை ஒட்டி ஒட்டி வரிசையாக நிறுத்தி, எல்லா மொட்டைமாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் வழிந்தால் எப்படி? அப்படி. அது ஒன்றல்ல, மூன்று அருவிகள். லாடம் போன்றது பெரியது, பெரும்பாலான நீர் அதில்தான் விழுகிறது. நடுவே ஆட்டுத் தீவு என்று ஒரு தீவு. அதற்கு இந்தப் பக்கம் அமெரிக்க அருவி, ஓரமாக மணப்பெண்ணின் முகத்திரை என்று பெயர் வைத்த மெல்லிய அருவி.

படகில் போனோம். அமெரிக்கக் கரையிலிருந்து போகிறவர்களுக்கு நீல மழைக்கோட்டு, கனடாக் கரையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிவப்பு. ஆற்றுக்கு நடுவே நீலப் படகும் சிவப்புப் படகும் ஒன்றையொன்று கடக்கும்போது இரு நாட்டுக்காரர்களும் கை அசைத்துக்கொள்கிறோம். அந்தப் படகுச் சவாரி 1846-இல் தொடங்கியதாம். சத்தத்தில் மகள் பக்கத்தில் நின்று கத்தியது எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் பச்சையாக இருந்தது. பாசி என்று நினைத்து முகத்தைச் சுளித்தேன். பாறை அரைபட்டு மாவாகிக் கரைந்து வருவதால் வரும் நிறமாம். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் எதிரே சாரலில் வானவில் தெரிகிறது. நான் பார்த்தது முழு வளையம். அதை மட்டும் இன்னும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.


பழைய பாறை · சனி, இரவு 9.30

பாட்டியம்மா, பாறை மாவு என்ற இடத்தில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. எல்லோரும் அருவியை நின்ற இடத்திலேயே நிற்கும் பொருளாகப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அருவி நடக்கும், அதுவும் பின்பக்கமாக.

ஒரு தட்டில் கேசரியைச் செங்குத்தாக வெட்டி வையுங்கள். மேலே ஒரு கடலை மிட்டாய்ப் பலகையைக் கேசரியின் விளிம்போடு விளிம்பாகப் படுக்க வையுங்கள். இப்போது கீழேயிருக்கும் கேசரியைப் பக்கவாட்டில் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டச் சொல்லுங்கள். கடலை மிட்டாய் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் தோண்டினால் பட்டென்று முறிந்து விழும். விளிம்பு உள்ளே போய்விட்டது அல்லவா? நயாகராவில் மேலே இருப்பது டோலோமைட் என்ற கெட்டிப் பாறை. கீழே இருப்பது சேறு இறுகி உண்டான மெத்தென்ற பாறை. விழும் நீர் சுழன்று அடித்து அடிப்பாறையை அரிக்கிறது, மேல்பாறை தாங்காமல் உடைகிறது, அருவி ஓர் எட்டு பின்னால் வைக்கிறது.

கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் உருகி விலகிய பிறகு, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் இந்த அருவி பிறந்தது. பிறந்த இடத்திலிருந்து இன்றுவரை 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. எழும்பூரில் ரயில் ஏறிப் பரங்கிமலையில் இறங்கும் தூரம். வழியெல்லாம் ஆழமான பள்ளத்தாக்கை விட்டுவிட்டு வந்திருக்கிறது, நத்தை ஈரக்கோடு விடுவதைப் போல. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு மூன்றடி. இன்று நீரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுவதால் ஏறத்தாழ ஓர் அடிதான்.

ஆகவே குழாயைத் திருகியதால் மின்சாரம் மட்டும் கிடைக்கவில்லை. அருவியின் நடையும் மெதுவாகிவிட்டது.


குறைகாணி · ஞாயிறு, காலை 6.50

எல்லாம் சரி. இப்போது நான் ஒரு முள்ளைப் போடுகிறேன். மதகு வைத்து, மணி பார்த்துக் குறைத்து, இரவில் வண்ண விளக்கு வேறு அடிக்கிறார்கள். இதை இன்னும் "இயற்கை அருவி" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பொய்யில்லையா? பொருட்காட்சியில் வைத்த செயற்கை ஊற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?


மதுராந்தகத்து மறுகால் · ஞாயிறு, காலை 7.30

ஏரிக்கு மதகு வைத்தால் மழை செயற்கை ஆகிவிடுமா ஐயா? பாறையும் நீரும் இறக்கமும் அதனுடையவை. அளவு மட்டும் மனிதனுடையது. ஜோக் அருவியும் அப்படித்தான். 1964-இல் மேலே லிங்கனமக்கி அணை வந்தபின், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் நூல் போல இறங்குகிறது. அதை யாரும் செயற்கை அருவி என்பதில்லை.


பழைய பாறை · ஞாயிறு, காலை 8.10

குறைகாணி கேட்டது வெறும் வம்பு இல்லை. அந்த நாட்டுக்காரர்களே இதைக் கேட்டுக்கொண்டார்கள். 1969-இல் ஜூன் முதல் நவம்பர் வரை அமெரிக்க அருவியை மட்டும் அடியோடு நிறுத்தினார்கள். மேலே மண்ணும் பாறையும் கொட்டித் தற்காலிக அணை கட்டி, நீரை முழுக்க லாட அருவிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அருவியின் அடியில் உடைந்து குவிந்த பாறைகளை அகற்றினால் பார்வைக்கு அழகாக இருக்குமே என்று ஆராயத்தான் அந்த ஏற்பாடு. காய்ந்த அருவியைப் பார்க்க அந்த ஆண்டு தனிக் கூட்டம்! ஆராய்ந்து முடித்த பிறகு வந்த தீர்மானம், பாறைகள் விழுந்தபடியே கிடக்கட்டும் என்பது. பாறை விழுவதும் அருவியின் வேலைதான் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் குவியல் இன்றும் அங்கே கிடக்கிறது. எனவே என் விடை: நீரின் அளவில் மனிதன் கை வைத்தான், உருவத்தை அலங்கரிப்பதில் மட்டும் ஓர் எல்லையோடு நின்றான். இயற்கையா செயற்கையா என்று ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை. பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியையே விட்டுவிடலாமே.

இயற்கையே ஒருமுறை குழாயை மூடியதும் உண்டு. 1848 மார்ச் 29. ஈரி ஏரியிலிருந்து வந்த பனிக்கட்டிகள் ஆற்றின் வாயில் அடைத்துக்கொண்டன. ஊர்க்காரர்களை எழுப்பியது சத்தமல்ல, சத்தம் நின்றுபோனது. காலம்காலமாகக் கேட்ட இரைச்சல் இல்லாமல் தூக்கம் கலைந்திருக்கிறது. நீரால் ஓடிய ஆலைகள் நின்றன. சிலர் ஆற்றுப்படுகையில் இறங்கி நடந்து, பழைய போரில் விழுந்த துப்பாக்கி முனைக் கத்திகளைப் பொறுக்கினார்கள். உலகம் முடியப்போகிறது என்று தேவாலயத்துக்கு ஓடியவர்களும் உண்டு. ஒரு நாளுக்கும் மேல் அப்படி இருந்து, பிறகு அடைப்பு உடைந்து வெள்ளம் திரும்பியது.


லாரிக் கணக்கு · ஞாயிறு, காலை 8.40

மின்விசிறி நின்றதும் விழித்துக்கொள்கிறோமே, அதேதான்! மின்வெட்டுக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு 1848 உடனே புரியும்.

மின்சாரம் என்றதும் ஒன்று. நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் போனது 1896 நவம்பரில். நம் காவிரி சும்மா இருக்கவில்லை. 1902-லேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போய்விட்டது. ஆறே ஆண்டு இடைவெளி. சுவர்ப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு இதையும் எழுதுங்கள்.


அடுக்ககத்து அக்கா · ஞாயிறு, இரவு 7.15

இன்று காலை வட்டம் நடந்தது. கேசரிச் சோதனை பாதியில் நின்றுவிட்டது. தோண்டச் சொன்ன கேசரியைத் தின்றுவிட்டார்கள். ஆனால் கடலை மிட்டாய் முறிந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அது போதும். பிறகு மொட்டைமாடியில் மணலைக் குவித்து மேலே ஓட்டுச் சில்லு வைத்துக் குழாய் நீரை விட்டோம். அது இன்னும் நன்றாக வந்தது. மாடி முழுக்கச் சேறு. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதவில்லை.

பழைய தொடக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சுவரில் ஒட்டியது இப்படித் தொடங்குகிறது:

"நம் வட்டத்தில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்தது தவறு. நயாகரா என்ற அருவியில் இரவானால் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பது உண்டு. யார், எதற்காக, எப்படி என்று கீழே படியுங்கள். நான்கு பெரிய ஏரிகளின் மறுகால்தான் அந்த அருவி. அது பின்பக்கமாக நடக்கும். ஒருமுறை அதன் சத்தம் நின்றதால் ஓர் ஊரே விழித்துக்கொண்டது."

கேள்வி கேட்டவள் தன் பெயரைச் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்றாள். எழுதினோம். அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன் அண்ணாச்சி, ஓரிடத்தில்கூட நீர்வீழ்ச்சி இல்லை.


தென்காசிச் சாரல் · ஞாயிறு, இரவு 7.40

பார்த்தேன், மகிழ்ச்சி. அடுத்த மாதம் பேரருவி. நீர் நேராகத் தரைக்கு வராமல் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதற்குப் பிறகு ஏன் கீழே வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய பாறை ஐயா தயாராக இருக்கட்டும்.


அடுக்ககத்து அக்கா · திங்கள், காலை 8.05

ஒரு சின்னப் பின்சேர்க்கை. இன்று காலை எங்கள் காவலாளி அண்ணன் சுவர்ப் பக்கத்தை நின்று நிதானமாகப் படித்தார். முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஒரு நொடிக்கு 236 லாரி என்று போட்டிருக்கிறீர்களே அம்மா, இங்கே ஒரு லாரி வந்தாலே தெரு அடைத்துக்கொள்கிறது. அத்தனையையும் எங்கே நிறுத்துவார்கள்?"


லாரிக் கணக்கு · திங்கள், காலை 8.30

லாரிக்கு எட்டு மீட்டர் என்று இடைவெளியில்லாமல் வைத்தால் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் வரிசை. அது ஒரு நொடிக்கு மட்டும். பெரம்பூர் ரயில் நிலைய வாசலில் முதல் லாரியை நிறுத்தினால் கடைசி லாரி எந்தத் தெருவில் நிற்கும் என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பகுதி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.